சம்பளப் பட்டியல் இல்லாதவர்கள்

அட்லாண்டாவில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் ஐந்து நாற்காலிகள். ஒன்று கடைக்காரருடையது. மற்ற நான்கையும் ஆளுக்கொன்றாக வார வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார்கள். ஐவரும் கறுப்பினத்தவர், யாருக்கும் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. இந்த நாட்டில் கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இப்படிச் சம்பள ஆள் இல்லாதவைதான்.

கொரோனா வந்ததும் அரசு அறிவித்த பெரிய உதவிக்குப் பெயரே சம்பளப் பாதுகாப்புக் கடன். சம்பளப் பட்டியல் இல்லாதவர் என்ன செய்வார்? முதல் தவணை 34,900 கோடி டாலர், 2020 ஏப்ரலில் 13 நாளில் தீர்ந்துபோனது. பணம் வங்கிகள் வழியாக வந்தது. வங்கிகள் தங்கள் பழைய வாடிக்கையாளர்களை முதலில் கவனித்தன. மேலாளரிடம் நேரே போன் போட்டுப் பேசக்கூடியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் எண்ணிக்கை 41 சதவீதம் சரிந்தது. வெள்ளையரிடையே சரிவு 17 சதவீதம்.

கடன் கிடைத்த தனியாட்களுக்கும் கணக்கு இடித்தது. மாதச் சராசரி நிகர லாபத்தைப் போல் இரண்டரை மடங்குதான் கடன். ஒருவருக்கு ஆண்டு வசூல் 48,000 டாலர், வாடகை, சாமான் எல்லாம் கழித்து வரிக் கணக்கில் லாபம் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 1,250 டாலர். நஷ்டம் காட்டியிருந்தால் சுழியம். 2021 மார்ச்சில்தான் லாபத்துக்குப் பதில் மொத்த வசூலைக் கணக்கில் எடுக்கலாம் என்றார்கள். அதே ஆளுக்கு இப்போது 10,000! விதியில் ஒரே ஒரு வரி மாற்றம். ஆனால் முன்பே வாங்கிவிட்டவர்களுக்கு அது செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நடுவில் 2020 கோடையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, கறுப்பினக் கடைகளில் வாங்குங்கள் என்றொரு அலை எழுந்தது. நல்ல மனசுதான். ஆனால் ஜூனில் வந்த கூட்டம் நவம்பர் வாடகையைக் கட்டாது.

தனியார் உதவிக்கும் தடை வந்தது. இதே ஊரில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அமைப்பு கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது. இது இனப் பாகுபாடு என்று 2023-ல் வழக்குப் போட்டார்கள். வழக்குக்கு ஆதாரமாக எடுத்தது 1866-ம் ஆண்டுச் சட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் மற்றவர்களைப்போல ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவிட்ட சட்டம் அது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மானியத்தை நிறுத்தியது. செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டமே முடிந்தது. சட்டம் படித்தவர்கள் விளக்கம் சொல்லக்கூடும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இனத்தைக் குறிப்பிடாமலே உதவலாம், வழி இருக்கிறது. சிறு ஆட்களுக்கே கடன் கொடுக்கும் சமூக நிதி நிறுவனங்களுக்கும் சிறுபான்மையினர் வங்கிகளுக்கும் 2020 டிசம்பரில் வந்த கொரோனா நிவாரணச் சட்டம் 1,200 கோடி டாலர் ஒதுக்கியது. பெரிய வங்கி கதவைச் சாத்தும் இடத்தில் இவர்கள் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து ரசீதுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அட்லாண்டாவின் புறநகரான ஜான்ஸ் கிரீக் பக்கம் கணக்குத் தணிக்கையில் இருக்கும் நம்மவர்கள் இந்த மாதிரி இடத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தால் உண்மையாகவே பயன்படும். போகிறவர்கள் சொல்லுங்கள், நானும் வருகிறேன். கூட்டல் கழித்தல் எனக்கும் தெரியும்.