கண்ணுக்குத் தெரியாத இழை

ஒருபுறம் கடல், மறுபுறம் முந்தல் களப்பு. இடையே மணற்பரப்பில் அமைந்த தமிழ்க் கிராமம் உடப்பு. திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பாலும் கரைவலைத் தொழிலாலும் பெயர்பெற்ற இவ்வூரில், ஒரு மாலை, முதிய தூண்டிற்காரர் ஒருவரின் அருகே அமர்ந்திருந்தேன்.

தடித்த தங்கூசியின் நுனியில் மெல்லிய தங்கூசி ஒரு பாகம் முடிந்து, அதிலே முள்ளைக் கட்டினார் அவர். தெளிந்த நீரில் தடித்த இழையைக் கண்டால் மீன் விலகிவிடுமாம். ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, நைலானுக்கு ஏறத்தாழ 1.53, புளோரோகார்பன் இழைக்கு 1.42. நீரின் எண்ணை நெருங்குந்தோறும் இழை நீரில் மறைகின்றது. மெல்லியதாயின் இன்னும் நன்று. ஆயினும் சீலா, அறுக்குளா போன்ற கூர்ம்பல் மீன்களுக்குக் கம்பியே வேண்டும்.

"மிக மெல்லியதைக் கட்டினால் நிறைய மீன் படுமே, ஐயா?" என்றேன்.

"படும் தம்பி, அறுத்துக்கொண்டும் போகும். முள்ளோடு போன மீன் எனக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை" என்றார்.

அறுந்த தங்கூசியும் எளிதில் மக்குவதன்று. ஆமையையும் கடற்பறவையையும் சிக்கவைப்பது. மீன் காணாத மென்மை, மீன் அறுக்காத வன்மை: இவ்விரண்டிற்கும் நடுவே அளவறிந்து நிற்பதே அம்முதியவர் கற்ற கல்வி.