வேலூர்க் கோட்டையில் ஒரு வேட்டை

கண்ணமங்கலத்துப் பிள்ளைகளுக்கு வேலூர் ஒன்றும் புதிய ஊர் அல்ல. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், பாட்டிக்கு உடம்புக்கு வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார்கள். ஆனால் கோட்டைக்கு உள்ளே போனவர்கள் யார் யார் என்று என் வகுப்பில் கேட்டபோது ஆறு கைகளே உயர்ந்தன. அந்த ஆறு பேரிலும் நால்வர் அகழிக் கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டுத் திரும்பியவர்கள் என்பது விசாரணையில் தெரிந்தது.

எனக்கு வெட்கமாயிருந்தது. பல வருஷமாகச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை அருகில் உள்ள கோட்டையைப் பாடப் புத்தகத்தில் ஒரு பாராவாக அல்லவா வைத்திருந்தேன்!

உபாத்தியாயர் முன்னே நடந்து பிரசங்கம் செய்ய, பிள்ளைகள் பின்னே வந்து ஐஸ் வண்டியைப் பார்க்கும் உல்லாசப் பிரயாணத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆகையால் ஏழு குறிப்புச் சீட்டுகள் எழுதினேன். இருபத்துநான்கு பேர், நான்கு கோஷ்டி. சீட்டில் உள்ள விடுகதையை அவிழ்த்து, அந்த இடத்தைத் தாமே தேடிக் கண்டு குறித்து வர வேண்டும். கைப்பேசிகள் என் பையில்.

ஜவ்வாது மலைக்கு மேல் பனி கலையுமுன் பஸ் ஏறினோம். எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி அகழியைக் கண்டதும், "ஸார், இவ்வளவு தண்ணியை எதுக்குச் சும்மா சுத்தி விட்டிருக்காங்க?" என்று கேட்டாள். தண்ணீருக்காக மலைச்சரிவில் இறங்கி ஏறியவள் கேட்கக் கூடிய கேள்விதான். பகைவனைத் தடுக்க என்றேன். அவள் முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதல் சீட்டு: "நீரில் குடியிருப்பவர் யார்?" இரண்டு கோஷ்டிகள் "முதலை!" என்று கூவிக்கொண்டு அகழிக்கே ஓடின. ஒரு காலத்தில் அகழி நிறைய முதலைகள் இருந்ததாக ஊரார் சொல்லும் கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. மற்றவர்கள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விஜயநகர அரசர்களின் ஆதிக்கத்தில், பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டையும் கோயிலும் அவை.

"தலை ஒன்று, உடல் இரண்டு" என்ற சீட்டுக்காகக் கல்யாண மண்டபத்தையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். யாளிகளும் குதிரை வீரர்களும் தூண்களிலிருந்து பாய்கிற மண்டபம் அது. யானையும் காளையும் ஒரே முகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் கண்டதும், ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து யானை என்பதும், மறு பக்கத்தை மறைத்துக் காளை என்பதுமாக அரை மணி நேரம் போய்விட்டது. அந்த அரை மணியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சீட்டில் ஒரு சூழ்ச்சி செய்திருந்தேன். அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. "இம்மூன்றில் எது இன்று பொய்?" என்று கேட்டேன். ஒரு பையன் நேரே அர்ச்சகரிடம் போய் விசாரித்து வந்துவிட்டான். நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-ல் திரும்பவும் இங்கே பிரதிஷ்டையாயிற்று. பாலாற்றைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலான மாதங்களில் இன்னமும் மெய்யாகவே இருக்கிறது.

மாதா கோயில் கட்டிய வருஷம் 1846 என்பதும், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் சிறைப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டு 1832-ல் உயிர் நீத்தார் என்பதும் விரைவிலேயே சீட்டுகளில் ஏறின.

ஆறாவது சீட்டு 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதியில் மாண்ட வெள்ளைக்காரர்களின் நினைவிடத்தைக் கேட்டது. புதிய தலைப்பாகை அணி, தோல் பட்டை குத்திக்கொள், நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவுகளால் புண்பட்ட சிப்பாய்கள் விடியுமுன் கிளம்பினார்கள். வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். திப்புவின் மக்கள் சிறையிருந்த கோட்டையில் மைசூர்க் கொடி பறந்தது. சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து கோட்டையைப் பிடித்தான். அகப்பட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திக் கூட்டங்கூட்டமாகச் சுட்டார்கள். 1857-க்கு ஐம்பத்தொரு வருஷம் முந்திய சங்கதி இது. பழைய ஐரோப்பியர் கல்லறைகளைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை.

ஏழாவது சீட்டு: "அதே நாளில் மாண்ட நம் சிப்பாய் ஒருவரின் கல்லறையைக் கண்டு வருக."

இதை எழுதியபோது நான் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறுக்குப் பின் ஏழு வர வேண்டுமென்று எழுதிவிட்டேன். பகல் இரண்டு மணிக்கு நான்கு கோஷ்டிகளும் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றன. நான்கு சீட்டிலும் ஏழாம் இடம் வெறுமையாயிருந்தது.

"எல்லா இடமும் பாத்துட்டோம், ஸார். எங்கே இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் மலைக் கிராமத்துப் பெண்.

சொல்ல என்னிடம் விடை இல்லை. அவர்களைக் கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்புக்கு அழைத்துப் போய், சிப்பாய்களின் நினைவாக நிற்கும் தூணைக் காட்டினேன். சுற்றிலும் ஆட்டோக்களின் இரைச்சல். பிள்ளைகள் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது தூண்தானே ஸார், கல்லறை இல்லையே?" என்றான் அர்ச்சகரிடம் விசாரித்த பையன்.

ஆமாம் என்றேன்.

திரும்பும் வழியில், ஏழாவதுக்கு மதிப்பெண் குறைப்பீர்களா என்று ஒருவன் கேட்டான். எல்லாருக்கும் ஆறுக்கு ஆறு போட்டேன். அந்தப் பெண் மட்டும் தன் கோஷ்டியின் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இன்னும் முடியலையே, ஸார்" என்று சொல்லி அதை மடித்துப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.