காவிரி கலக்குமிடத்தில் ஒரு கப்பல்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறித் திருவரங்கம் செல்லுகையில், பாலத்தடியில் ஓடும் காவிரி கடலைச் சேரும் பூம்புகாரைக் காண வேண்டுமென நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்றேன். கரையில் நிற்பவர்க்கு அலைகளே தென்படும். அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் கப்பலொன்று சிதைந்து கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், முதுகில் காற்றுக்கலன் சுமந்து மூழ்கி, அதிலிருந்து ஈயப் பாளங்களை எடுத்தனர். பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்து ஈயமாம்! சோழர் காலத்து மரக்கலத்தை எதிர்பார்த்தோர்க்கு ஏமாற்றமே; எனக்கு அன்று. சரக்கில் பதித்த பெயர் இரு நூற்றாண்டு உப்புநீரில் அழியாதிருக்க, சுமந்து வந்த மாலுமிகள் யாவரென்று அப்பாளங்கள் சொல்லவில்லை. கரையிலிருந்த மீனவப் பெரியவரிடம் வினவினேன். “வலை சிக்கும் இடம்” என்று கடலைக் கைகாட்டினார்.