டிஸ்ப்ளே வரல

சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார், ‘டிஸ்ப்ளே வரல’. கேட்டால் மானிட்டர் போய்விட்டது போலத் தோன்றும். பல நேரம் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனையில் ரேம் கிடைக்கவில்லை என்றால் படம் திரைக்கு வராது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். சில போர்டுகள் பீப் அடித்துச் சொல்லும். புதியவை சிலவற்றில் அதற்கென்று குட்டி லைட் உண்டு. அக்கா வீட்டு மெஷினில் இரண்டும் இல்லை.

அக்கா வீட்டிலிருந்தே டைப்பிங் செய்கிறாள். யாரோ ஒருவருடைய தீசிஸ், மூன்று வார வேலை, அதற்குள் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும் அவள் மகன், கேம் ஸ்லோவாக ஓடுகிறது என்று செகண்ட் ஹேண்டில் 8 ஜிபி ரேம் வாங்கி மாட்டியிருக்கிறான். அதோடு திரை போனது. இரண்டு நாளாக ‘வோல்டேஜ் ப்ராப்ளம்’ என்று சமாளித்திருக்கிறான். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

“கடைசியா என்ன மாப்ள பண்ணின?”

“ஒண்ணுமே பண்ணல மாமா.”

சொல்லிவிட்டு ஹாலில் இருந்த அப்பாவைப் பார்த்தான். அத்தானுக்குக் கை முந்தும், காரணம் பிறகுதான் கேட்பார். அவரிடம் போர்டில் போடுகிற பட்டன் பேட்டரி, 2032, ஒன்று வாங்கிவரச் சொன்னேன். அது தேவையே இல்லை.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் பையன் வாய் திறந்தான். “மெமரிய மாத்தினேன் மாமா. மெமரி போச்சுன்னா அம்மா டைப் பண்ணதெல்லாம் போயிருக்குமா?”

இரண்டு நாளும் அவன் தூங்காதது இதற்காகத்தான். ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, ரேமில் இல்லை என்றேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வேலை சுலபம். பவர் கார்டைப் பிடுங்கினோம். இரண்டு ரேமையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டிடிஆர்3 என்றால் 240 பின், டிடிஆர்4 என்றால் 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. இவை இரண்டுமே டிடிஆர்4. புதியது ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்திருக்கிறது. பயத்தில் பழையதையும் கழற்றி அரைகுறையாகச் செருகியிருக்கிறான்.

பழையதை மட்டும், பழைய இடத்தில், அவனையே மாட்டச் சொன்னேன். இரண்டு முனையும் ‘டக்’கென்று உட்கார்ந்தன. திரை வந்தது. அணைத்துவிட்டுப் புதியதையும் போட்டோம். மறுபடி வந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

அத்தான் பேட்டரியோடு வந்தார். “இதுதான் போயிருந்துச்சா?”

நான் பேசவில்லை. பையன்தான் சொன்னான், “இல்லப்பா. நான் ரேம சரியா மாட்டல.”

அத்தான் திரையைப் பார்த்தார். தீசிஸ் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “கரன்ட்ட ஆஃப் பண்ணிட்டுத்தானடா மாட்டின?” என்றார்.