பார்க்காத பனிக்குக் கிடைத்த மதிப்பெண்

பத்தாம் வகுப்புத் தேர்வொன்றில், பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். 4 டிகிரி செல்சியசில் நீரின் அடர்த்தி உச்சத்தை அடைகிறது, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது, ஆகவே ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன என்று படம் வரைந்து எழுதியிருந்தேன். அதுவரை நான் கண்டிருந்த பனிக்கட்டி, எங்கள் ஊர் மீன் சந்தையில் உமி தூவிக் கோணியில் சுற்றி வந்திறங்கும் பாளம் மட்டுமே. உறைந்த ஏரி எப்படியிருக்கும் என்று எங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

பின்னாளில் கடற்பனியின் இயற்பியலே என் தொழிலாயிற்று. கனடாவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதைக் கற்பித்துவந்தேன். 2007-2008ஆம் ஆண்டுகள் சர்வதேசத் துருவ ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்த நேரம். வடபுலத்து மாணவர்களுக்கென்று துருவ அறிவியல் பாடங்கள் வேண்டும் என்ற பேச்சு அப்போது எங்கும் ஒலித்தது. அந்தப் பேச்சு புதியதன்று. வடதுருவத்தைச் சூழ்ந்த நாடுகளின் கல்லூரிகள் இணைந்து 2001இலேயே ஆர்க்டிக் பல்கலைக்கழகம் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தன. நார்வேயின் கௌத்தோகெய்னோவில் 1989 முதலே சாமி மக்களுக்கு அவர்கள் மொழியில் உயர்கல்வி தரும் நிறுவனம் இயங்கிவந்தது. கனடாவிலோ, 1999இல் உருவான நூனவுட் பிரதேசத்தின் 25 ஊர்களில் எந்த இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. பல்கலைக்கழகமும் கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் விமானமேறித் தெற்கே வரவேண்டும். தம் பிள்ளைப் பருவத்தில் விடுதிப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோகப்பட்ட தலைமுறை, தன் பேரப்பிள்ளைகள் மீண்டும் விமானமேறுவதை எந்த மனநிலையில் பார்க்கும் என்பதை நான் அன்று யோசித்ததில்லை.

கடற்பனி பற்றி ஒரு பருவத்துக்கான பாடத்தை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குழுவில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருமே தெற்கத்தியர்கள். கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில் உறைவது, உறையும்போது உப்பை வெளியே தள்ளுவது, பள்ளியில் நான் எழுதிய அந்த 4 டிகிரி விதி கடல்நீருக்குப் பொருந்தாமல் போவது, ஜோசப் ஸ்டெஃபான் 1891இல் தந்த பனி வளர்ச்சிச் சமன்பாடு, செயற்கைக்கோள் படங்கள். பதினோரு வாரங்களுக்கு இவை. பன்னிரண்டாம் வாரத்துக்கு 'மரபறிவு' என்று ஒரு தலைப்பிட்டு, உள்ளூர் முதியவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம் என்று குறித்துக்கொண்டோம். மிகுந்த தாராள மனத்தோடு நடந்துகொண்டதாகவே அன்று எனக்குத் தோன்றியது.

2008 செப்டம்பரில் இக்காலுயிட் நகரில் அந்தப் பாடத்தைத் தொடங்கினேன். ஒன்பது மாணவர்கள். எல்லோரும் இனுயிட் இளைஞர்கள். அவர்கள் பள்ளியில் படித்ததும் தம் நிலத்தைப் பற்றியன்று. நூனவுட்டின் உயர்நிலைப் பள்ளிகள் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பாடத்திட்டத்தையும் தேர்வையுமே பின்பற்றிவந்தன. கோதுமை வயலைப் பார்த்திராத பிள்ளைகள் கோதுமையைப் படித்து வந்திருந்தார்கள். அந்த வகையில் அவர்களும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று சொல்லலாம்.

வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே ஃபுரோபிஷர் வளைகுடா. அங்கே பெருவோதம் 11 மீட்டர் வரை எழும். அக்டோபர் கடைசியில் நீரின் முகம் மங்கத் தொடங்கியது. பிறகு மெல்லிய படலம்; பிறகு ஓதத்தில் ஏறியிறங்கி உடைந்து, மறுபடி ஒட்டி, கரையோரம் குவியும் பாறைபோன்ற பனி. நான் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று கரும்பலகையில் பனி வளர்ச்சியின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோராம் வாரத்தில் ஒரு பயிற்சி தந்தேன். அவ்வூரின் நாள்வாரி வெப்பநிலைகளை ஸ்டெஃபான் சமன்பாட்டில் இட்டு, வளைகுடாப் பனியின் தடிமனைக் கணிக்க வேண்டும். இருபத்து மூன்று வயது மாணவர் ஒருவர் அதைச் சமர்ப்பிக்கவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்காத தாமதத்துக்குப் பூஜ்யம் என்பது விதி. விதியை எழுதியவனும் நான்தான். பூஜ்யம் போட்டேன்.

பன்னிரண்டாம் வாரம் முதியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். பேச்சைத் தொடங்குமுன் என்னிடம் ஒன்று கேட்டார்: "இவர்கள் செப்டம்பரிலிருந்து இந்த அறைக்குள்தான் இருக்கிறார்களா? பனி பிறந்தது இந்த மாதங்களில்தானே?" அதை அவர் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். மாணவர்கள் குனிந்துகொண்டார்கள். பல்கலைக்கழகப் பருவங்கள் இப்படித்தான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். துவக் என்பது கரையோடு பற்றி நிற்கும் பனி, சினா என்பது அது முடிந்து திறந்த நீர் தொடங்கும் விளிம்பு என்று அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய மொழிச் சொற்களை அவர்கள் என் வகுப்பில் எழுதியது அதுவே முதல் முறை. இனுயிட்களுக்குப் பனியைக் குறிக்க நூறு சொற்கள் உண்டு என்று எங்கும் வியப்பாகச் சொல்வார்கள். வியக்க வேண்டியது எண்ணிக்கையை அன்று. அந்தச் சொற்களில் ஒன்றைத் தவறாகப் பயன்படுத்தினால் ஒருவர் நீரில் மூழ்கக்கூடும் என்பதைத்தான்.

பூஜ்யத்தின் கதை ஜனவரியில்தான் தெரியவந்தது. அந்த வாரம் வேட்டைக்குப் போன ஒருவர் வளைகுடாப் பகுதியில் காணாமல் போயிருந்தார். தேடப் போனவர்களில் என் மாணவரும் ஒருவர். நீரோட்டம் அடியில் அரிப்பதால் எந்தெந்த இடத்தில் பனி தடிக்காது என்பதைத் தம் மாமனோடு போய்ப் போய்க் கற்றவர் என்பதால் அவரை முன்னே நடக்க விட்டார்கள். ஈட்டியால் பனியைக் குத்திப் பார்த்தபடி நடந்திருக்கிறார். ஒரே குத்தில் ஈட்டி உள்ளே இறங்கினால் அங்கே கால்வைக்கலாகாது. மூன்றாம் நாள் அந்த வேட்டைக்காரர் உயிரோடு மீட்கப்பட்டார். எளிய வடிவிலான ஸ்டெஃபான் சமன்பாட்டில் நீரோட்டத்துக்கு இடமில்லை. மேலே படியும் வெண்பனி போர்வையாகிப் பனி தடிப்பதைத் தடுப்பதற்கும் இடமில்லை. பனியின் தடிமனைக் காகிதத்தில் கணிக்காததற்காக நான் பூஜ்யம் போட்ட வாரத்தில், அவர் அதன்மேல் நடந்து அதைக் கணித்துக்கொண்டிருந்தார்.

மதிப்பெண்ணைத் திருத்தக் கேட்டு எழுதினேன். மாணவரே குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர் விண்ணப்பிக்கவில்லை.

மறுவருடம் பாடத்தை மாற்ற வேண்டுமென்று குழுவில் வாதிட்டபோது, தரம் தாழ்ந்துவிடும் என்றார் ஒருவர். அவருக்கு நான் சொன்னது அலாஸ்காவின் கதை. 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், வில்தலைத் திமிங்கிலங்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டின்பேரில் இனுப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை கொண்டுவந்தது. அறிவியலாளர்கள் பனி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணியிருந்தார்கள். திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் போகின்றன, விளிம்பிலிருந்து வெகு தொலைவிலும் போகின்றன என்றார்கள் வேட்டைக்காரர்கள். 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னது சரியென்று தெரிந்தது. கணக்கு பல மடங்கு உயர்ந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. இடையில் திமிங்கிலங்கள் பெருகியதும் உண்மைதான். ஆனால் முதல் எண் பிழையானதற்குக் காரணம், எண்ணியவர்களுக்குக் கணிதம் தெரியாததன்று. யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாதது.

சமன்பாடுகளில் ஒன்றைக்கூட நாங்கள் நீக்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினோம். முதியவர் முதல் வாரத்திலேயே வந்தார், விருந்தினராக அன்று, ஊதியம் பெறும் ஆசிரியராக. மாணவர்கள் பனி பிறக்கும் நாளிலிருந்து துளையிட்டு அளந்து குறிப்பெடுத்தார்கள். ஒரே இடத்தில் ஈட்டியாலும் குத்தினார்கள், துளைக்கருவியாலும் அளந்தார்கள். சமன்பாடு தந்த எண்ணும் அளந்த எண்ணும் விலகும் இடத்தில் என்ன காரணம் என்பதே தேர்வுக் கேள்வியாயிற்று. சமர்ப்பிக்கும் தேதிகளை வானிலை தீர்மானித்தது. முதியவர் கற்பித்ததற்கு எப்படி மதிப்பெண் இடுவது என்பதில் மட்டும் எங்களால் உடன்பட முடியவில்லை. அவரையே கேட்டோம். "பனி போடும்" என்றார். அந்தப் பகுதியை மதிப்பெண் இல்லாமல் விட்டுவிட்டோம்.

பின்னர் காலம் இத்திசையில் நகர்ந்தது. லாப்ரடாரின் நெயின் ஊரில், 2010ஆம் ஆண்டின் அசாதாரணமான வெம்மைக் குளிர்காலத்துக்குப் பிறகு ஸ்மார்ட்ஐஸ் முயற்சி பிறந்தது. பனிச்சறுக்கு வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் உணர்கருவியால் ஊர்க்காரர்களே பனியின் தடிமனை அளக்கிறார்கள். யூகான் கல்லூரி 2020இல் கனடாவின் வடபுலத்து முதல் பல்கலைக்கழகமாயிற்று. கனடாவின் இனுயிட் தேசிய அமைப்பு தன் மக்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவ முனைந்திருக்கிறது. நான் வகுத்த பாடம் இவற்றுக்கு முன்னே எங்கோ ஒரு சிறு புள்ளி.

அந்த மாணவர் பிறகு எந்தப் பாடத்திலும் சேரவில்லை. விமான நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். கைகுலுக்கினார். குளிர்காலம் பிந்திவருகிறது, மாமன் சொன்ன இடங்களிலும் இப்போது பனியை நம்ப முடிவதில்லை என்றார். நான் பூஜ்யத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறது. என்னுடைய ஐந்துக்கு ஐந்தும் எங்கள் ஊர்ப் பள்ளியின் ஏதோ ஒரு பழைய கட்டில் இருக்கக்கூடும்.