முப்பதுக்கு இருபத்தாறு

நாற்பத்து நான்கு வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள், ஒரு சோதனையில் நூற்றுக்கு 23 புள்ளி வாங்கினால் அந்தத் தாளை எங்கே ஒளித்து வைப்பாள்? நான் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன், வாசகர்களே. எங்கள் வீட்டில் அரிசி டின்னைத் தூக்குகிறவள் நான் ஒருத்திதான்.

2023-ஆம் ஆண்டு பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு இத்தனை காலம் ஓட்டியாகிவிட்டது, இனி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. சனி, ஞாயிறுகளில் பட்டணத்தில் வகுப்பு. விரிவுரையாளருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறினேன். திரிகோணமிதி என்ற பாடம் வந்தபோதுதான் கால் வழுக்கியது.

அந்த 23 புள்ளிக்கு ஒரு காரணம் வெட்கக்கேடானது. கல்குலேட்டரில் கோணத்தைப் பாகையிலும் கணக்கிடலாம், ரேடியன் என்கிற வேறோர் அளவிலும் கணக்கிடலாம். என்னுடையது ரேடியனில் நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாது. சைன் 30 பாகை என்றால் சரிபாதி, 0.5 வரவேண்டும். எனக்கு வந்தது மைனஸ் 0.988. அதை அப்படியே எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஒரு நீளத்துக்கு எப்படி மைனஸ் வரும் என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. சைன் என்றால் என்ன என்று தெரிந்தால்தானே சந்தேகம் வரும்!

தெரியாமல் போனதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு இடைநிலைப்பள்ளி. 1995-இல் மூன்றாம் படிவத்தில் இந்தப் பாடம் முதன்முதலாக வந்தது. மலாயில் சினுஸ், கொசினுஸ், தங்கென். மூன்றையும் மந்திரம் போல மனப்பாடம் செய்து கொண்டிருந்தேன். அப்பா மங்கு கழுவிய கையோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "என்னா பாப்பா படிக்கிற?" என்று கேட்டார்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கோழிக்கு இரை போடப் போனார். எனக்கே புரியவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மேல் போட்டுவிட்டேன். இருபத்தெட்டு ஆண்டு கழித்து 23 புள்ளித் தாளைக் கையில் பிடித்தபோது நினைவுக்கு வந்தது சூத்திரம் இல்லை, அந்தத் திண்ணைதான்.

மறு சோதனைக்கு ஆறு வாரம் இருந்தது. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய நூலிலேயே இந்தச் சைன் அட்டவணை இருக்கிறதாம். வில்லின் நாணுக்கு வடமொழியில் ஜ்யா, ஜீவா என்று பெயர். அரைநாணின் நீளத்தைத்தான் அவர் கணக்கிட்டார். ஜீவா என்ற சொல் அரபு மொழிக்குப் போய், அங்கே 'மடிப்பு' என்று பொருள்படும் வேறொரு சொல்லாகத் தவறாகப் படிக்கப்பட்டு, பிறகு லத்தீனில் அந்த மடிப்புக்கு 'சினுஸ்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். மலாய்ப் புத்தகத்தில் என்னை மிரட்டிய சொல் அதுதான். நாமோ வட்டத்தின் குறுக்கே போகும் கோட்டை இன்றைக்கும் நாண் என்றே சொல்லிக் கொடுக்கிறோம். இதைப் படித்ததும் பயம் பாதி போயிற்று. மீதிப் பாதி போகவில்லை.

அந்த வார இறுதியில் அப்பாவைப் பார்க்கப் போனேன். தோட்டத்து லயத்தை விட்டு வந்து, தம்பியோடு பட்டணத்து மலிவு விலை வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி. நான் நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்து வைத்துக் கொண்டு விழித்துக் கொண்டிருந்தேன். மூன்று பக்கமும் சமம். அதை உச்சியிலிருந்து நடுவில் வெட்டினால் உயரம் எவ்வளவு என்பது கணக்கு. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது முளை அடிக்கிற கணக்கு இல்ல?"

1986-இல் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். கன்று நடும் இடத்தில் முளை அடிக்கிற கும்பலில் அப்பாவும் இருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது.

"எப்படிப்பா அடிப்பீங்க?"

அவர் கைத்தடியால் தரையில் கோடு போட்டார். "மொதல்ல நேரா ஒரு கம்பி கட்டுவோம். முப்பதடிக்கு ஒரு முளை. அடுத்த நிரை இருபத்தாறு அடி தள்ளி. ஆனா அங்க மொதல் முளைய பதினஞ்சு அடி ஒதுக்கி அடிக்கணும். அப்பத்தான் எந்த மரத்திலேர்ந்து குறுக்க கயிறு புடிச்சாலும் முப்பது வரும்."

"இருபத்தேழு வெச்சா?"

"குறுக்க முப்பதுக்கு மேல போயிரும். கங்காணி புடுங்கிப் போடச் சொல்லுவான்."

நான் கல்குலேட்டரை எடுத்தேன். இந்தத் தடவை பாகையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக் கொண்டேன். சம முக்கோணத்தின் கோணம் 60 பாகை. சைன் 60 என்பது 0.866. முப்பதை அதனால் பெருக்கினால் 25.98. அப்பாவின் இருபத்தாறு!

வாசகர்களே, செம்பனைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் நின்று பார்த்தால் மூன்று திசையிலும் மரங்கள் வரிசை பிடித்தாற்போல நேராகப் போகும். பிள்ளையில் நான் அதில் ஓடி விளையாடியிருக்கிறேன். அது சைன் 60 என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆசிரியருக்கும் அந்தக் காடு தெரியாது. பால்மரத்தில் அம்மா போட்ட வெட்டும் அப்படித்தான். ஒட்டு மரம் என்றால் 30 பாகைச் சரிவு, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், அப்படி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும்.

அன்று அப்பாவிடம் 1995-ஆம் ஆண்டுப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கல்குலேட்டரைக் காட்டி, "சைன் அறுபதுன்னா என்னான்னு சொல்லட்டுமாப்பா?" என்றேன்.

"சொல்லு."

சொன்னேன். முக்கோணத்தின் நீண்ட சாய்கோடு முப்பது. அதில் எவ்வளவு பங்கு நேர் உயரமாக நிற்கிறதோ அந்தப் பங்குக்குப் பேர்தான் சைன் என்றேன். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தரையில் இருந்த கோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"சரி, ஏன் அப்படி அடிக்கச் சொன்னான்? சதுரமா அடிச்சா வேல சுளுவா இருந்திருக்குமே."

இதை எந்த விரிவுரையாளரும் என்னிடம் கேட்டதில்லை. கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. முப்பதுக்கு முப்பது சதுரமாக நட்டால் ஒரு மரத்துக்கு 900 சதுர அடி; ஏக்கருக்கு 48 மரம். முப்பதுக்கு இருபத்தாறு என்றால் மரத்துக்கு 780. ஏறக்குறைய 56 மரம். மரத்துக்கு மரம் இடைவெளி அதே முப்பதடிதான், குறையவில்லை.

"ஏக்கருக்கு எட்டு மரம் கூடுதல்ப்பா."

மறு சோதனையில் 71 புள்ளி வந்தது. ஆனால் அன்று அப்பா கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்களுக்குக் கூலி ஏக்கர் கணக்குலதான குடுத்தாங்க, பாப்பா. அப்ப அந்த எட்டு முளைக்கு?"