மலடன் என்றொரு சொல்

நான் தமிழ் படிப்பிக்கின்றவன். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றபின், பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட தோட்டப்புறப் பாடசாலையொன்றில் பணியாற்றி வருகின்றேன். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலை ஊவாத் தோட்டப்புறத்துக்குப் புதுமையன்று. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். வெற்றிடம் வெற்றிடமாகவே கிடந்தது. அதிபர் நேரசூசியை நீட்டி, "பாடநூல் தமிழில்தானே இருக்கிறது, மாஸ்டர், வாசித்து விளங்கப்படுத்துங்கள்" என்றார். இவ்வாறுதான் ஒரு நாள், சாதாரண தர வகுப்பின் முன்னே, மனித இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயத்தோடு நான் நின்றேன். நின்றதோடு சரி. "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டிவிட்டேன்.

நாணம் மட்டுமே அதற்குக் காரணமன்று. என்னைப் பரிசோதிக்க வேண்டுமென்று வைத்தியர் எழுதித் தந்த துண்டு, மாதக்கணக்காக என் சட்டைப்பையில் மடித்தபடி கிடந்தது.

எங்களுக்குத் திருமணமாகி அப்போது ஐந்தாண்டு. அந்த ஐந்தாண்டில் என் மனைவி ஏறாத கோயிற்படி இல்லை. கதிர்காமத்தில் நேர்த்தி, தோட்டத்து மாரியம்மனுக்கு விரதம், கையில் மஞ்சள் நூல், யாரோ அரைத்துக் கொடுத்த வேர் என எல்லாம் அவளுடைய உடம்பின் மீதே நடந்தன. பக்கத்து லயத்தில் நடந்த வளைகாப்பொன்றில் வளையல் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போயிற்று. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் மொழியில் 'மலடி' என்ற சொல்லுக்கு இணையாக 'மலடன்' என்ற சொல்லும் உண்டு. ஆயினும் பெரட்டுக்களத்திலோ பீலிக்கரையிலோ ஓர் ஆணை நோக்கி அதைச் சொல்ல நான் கேட்டதில்லை. பெண்ணடிமை பற்றி மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தவன் நான், மேடையில் பேசியவனுங்கூட. அப்படிப்பட்டவனே, விடைத்தாள் திருத்தம், விசேட வகுப்பு, அட்டமி நவமி என்று சாக்குச் சொல்லி ஒன்றரை ஆண்டைக் கடத்தினேன்.

முடிவில் பரிசோதித்தார்கள். ஒரு மில்லிலீற்றரில் நாற்பது இலட்சம் விந்துகள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கைந்நூல் குறிக்கும் கீழெல்லை ஒரு கோடியே அறுபது இலட்சம். விதைப்பையில் நாளங்கள் வீங்கிச் சுருண்டிருக்கின்றன என்றும், சிறு சத்திரசிகிச்சை செய்து பார்க்கலாம் என்றும் வைத்தியர் கூறினார். பிள்ளையில்லாத இணைகளுள் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறையும் பங்காக இருக்கிறதாம். "ஆனால் இங்கே பெண்கள் மட்டுந்தான் வருகிறார்கள்" என்று அந்தச் சிங்களப் பெண்மணி தமிழிலேயே சொன்னார்.

அன்றிரவுதான் நான் புரட்டிவிட்ட அந்தப் பக்கங்களை முதன்முறையாக வாசித்தேன். போதாதென்று பெரிய நூல்களையும் தேடினேன். ஆணின் விதை ஒரு தொழிற்சாலை என்றால் மிகையன்று. ஒவ்வொரு விதையினுள்ளும் நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமான சுக்கிலச் சிறுகுழாய்கள் மடங்கிக் கிடக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள மூலக்கலங்கள் ஓயாது பிரிகின்றன. பின்னர் ஒடுக்கற்பிரிவு: நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள் இருபத்து மூன்றாகின்றன. விந்துகளுள் பாதி எக்ஸ் நிறமூர்த்தத்தைச் சுமக்கும். மறுபாதி வையைச் சுமக்கும். 'பெட்டையாகவே பெற்றுப் போட்டாள்' என்ற ஏச்சுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. பிரிந்த கலம் உருண்டையானது. அது தலை சிறுத்து, வால் முளைத்து, வேண்டாத சதையைக் களைந்து விந்தாகும்வரை, செர்டோலிக் கலங்கள் என்னும் செவிலிகள் அதைத் தம் மடியில் வைத்து ஊட்டுகின்றன. கபச்சுரப்பியின் ஓமோன்கள் தூரத்திலிருந்து கட்டளையிடுகின்றன.

இவ்வளவும் நிகழ ஏறத்தாழ எழுபத்து நான்கு நாட்கள். ஏழு நாளுக்கொரு முறை கொழுந்தெடுக்கும் மலையில் பத்துச் சுற்று எடுத்து முடியும் காலம் அது. அதன் பின்னும் விதையை ஒட்டியிருக்கும் ஆறு மீற்றர்ச் சுருட்குழாயில் பல நாள் ஊர்ந்தே விந்து நீந்தப் பழகுகிறது. இத்தனைக்கும் உடல் வெப்பத்தினும் இரண்டு மூன்று பாகை குறைந்த குளிர்ச்சி வேண்டும். விதை உடலுக்கு வெளியே தொங்குவதன் காரணம் இதுவே. கடுங்காய்ச்சல் ஒன்று வந்து போனாலும் அடுத்த இரண்டு மூன்று மாதம் கணக்குக் குறையும். என் நாளங்களில் தேங்கிய இரத்தம் அந்தக் குளிர்ச்சியைத்தான் கெடுத்திருந்ததாம். வளையல் தட்டு யாரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்?

அறிஞர்களும் இதில் தடுமாறியவர்களே. 1677இல் டெல்ஃப்ற் நகரத்து லீவன்ஹூக் தாமே செய்த நுணுக்குக்காட்டியில் விந்து நீந்தக் கண்டார். 1694இல் ஹார்ட்சூக்கர் விந்தின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருப்பதாகவே படம் வரைந்தார். ஆண் முழு மனிதனைத் தருகிறான், பெண் வெறும் நிலம் என்னும் எண்ணம் நம் லயங்களுக்கு மட்டும் உரியதன்று. பயிர் விளைந்தால் விதையின் பெருமை, விளையாவிட்டால் நிலத்தின் குற்றம்!

இன்னொன்றையும் வாசித்தேன். 1977இல் கலிபோர்னியாவின் லேத்றொப்பில், டிபிசிபி என்னும் புழுக்கொல்லியைக் கையாண்ட தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, தம்மில் பலருக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்பதைக் கண்டார்கள். பரிசோதித்தால் பலரிடம் விந்து மிகக் குறைவு. சிலரிடம் அறவே இல்லை. மூலக்கலங்களையே அந்த நஞ்சு தின்றிருந்தது. 1979இல் அமெரிக்கா தன் மண்ணில் அதைப் பெரும்பாலும் தடைசெய்தது. மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களில் அதே நஞ்சால் ஆயிரக்கணக்கான தொழிலாளர் மலடாகி, நீதிமன்றங்களில் பல்லாண்டு அலைந்தார்கள். நம் மலைகளில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆண்கள் முதுகில் சுமக்கும் தாங்கிகளின் மீது அக்குற்றத்தை ஏற்ற நான் வரவில்லை. லேத்றொப் தொழிலாளர் செய்ததையே எண்ணுகிறேன். அவர்கள் தம்முள் வாய்திறந்து பேசினார்கள். எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் பேர்க்காசைப் பற்றிப் பேசுவார்கள், துரையைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பேசமாட்டார்கள். நானும் பேசவில்லையே.

சத்திரசிகிச்சை முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய வாரம் அந்த அத்தியாயத்தை மீண்டும் எடுத்தேன். பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது, நான் நிறுத்தவில்லை. கொழுந்துச் சுற்றின் கணக்கைச் சொன்னபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மணியடித்தபின் ஒரு மாணவி மேசையருகே வந்து, "சேர், எங்கள் சித்தியைப் பிள்ளை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவைப் பரிசோதித்திருப்பார்களா?" என்று கேட்டாள். "கேட்டுப் பார்" என்றேன். "யாரிடம் சேர் கேட்பது?" என்றாள். எனக்கு விடை வரவில்லை.

வீட்டில் அம்மாவை அழைத்து உட்காரவைத்து, குறை என்னுடையது என்றேன். அம்மா நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியே சொல்லாதே, ராசா" என்றார். என் மனைவி அன்றைக்கே கையிலிருந்த மஞ்சள் நூலை அரிவாளால் அறுத்து அடுப்பில் போட்டாள். சமாதானமாக எதையோ சொல்ல முயன்றேன்.

"ஒன்றரை வருஷம்" என்றாள். அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சையிலிருந்து மூன்று மாதம் கழித்தே மறுபரிசோதனை. கீழ்மலையில் இது ஆறாம் சுற்றுக் கொழுந்து.